பொதுவில் வைத்த வளங்கள்: வளர்ச்சி மரபணுத்தொகுதியியலில் முனைவர் பட்ட ஆய்வின் வரலாறு

முன்னுரை

ஒற்றைக் கருமுட்டை எவ்வாறு முழு உடலாகிறது என்பதை, அந்த உயிரியின் மரபணுக்கள் அனைத்தையும் ஒருசேர வைத்து ஆராய்வது வளர்ச்சி மரபணுத்தொகுதியியல். இத்துறையில் முனைவர் பட்டம் பெற விரும்பும் மாணவர் முதலில் உதவித்தொகையையும் நுழைவுத்தேர்வையும் நெறியாளரையும் தேடுகிறார். ஆனால் வாய்ப்பு என்பது இவற்றோடு முடிவதில்லை. ஒரு மாணவர் ஐந்தாறு ஆண்டுகளில் விடை காணத்தக்க கேள்விகள் அத்துறையில் இருக்க வேண்டும். உயிரி வகைகளும் மரபணு வரைபடங்களும் தரவுகளும் பொதுவில் வைக்கப்பட்டதால்தான் அத்தகைய கேள்விகள் பெருகின என்பது இக்கட்டுரையின் வாதம்.

1. இரு ஆய்வகங்கள்

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மோர்கன் 1910இல் வெள்ளைக் கண் கொண்ட பழ ஈ ஒன்றைக் கண்டார். அவரது சிறிய 'ஈ அறை'யில் மாணவர்கள் ஈ வகைகளையும் முடிவுகளையும் தம்முள் பகிர்ந்துகொண்டனர். அங்கிருந்த ஆல்ஃபிரெட் ஸ்டர்ட்டிவன்ட், இளங்கலை மாணவராக இருந்தபோதே, எக்ஸ் குரோமோசோமில் மரபணுக்களின் வரிசையைக் காட்டும் முதல் வரைபடத்தை உருவாக்கினார். அது 1913இல் வெளியானது. கால்வின் பிரிட்ஜஸ் 1915இல் கண்டெடுத்த 'பைதோராக்ஸ்' ஈயில் உடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதியைப் போல உருமாறியிருந்தது. அவ்வகை ஆய்வகங்களில் தொடர்ந்து பேணப்பட்டது. ஸ்டர்ட்டிவன்ட்டின் மாணவர் எட்வர்ட் லூயிஸ் அதே மரபணுப் பகுதியைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்து, உடற்பகுதிகளின் அடையாளத்தை அது எவ்வாறு தீர்மானிக்கிறது என 1978இல் விளக்கினார்.

ஜெர்மனியின் ஃபிரைபர்க்கில் நிலைமை வேறு. ஹான்ஸ் ஸ்பேமானின் மாணவி ஹில்டே மான்கோல்ட், நியூட் எனும் வாலுள்ள நீர்நில வாழ்வியின் நிறமற்ற கருவின் ஒரு சிறு பகுதியை நிறமுள்ள வேறோர் இன நியூட்டின் கருவில் ஒட்டினார். அங்கு இரண்டாவது உடல் அச்சு உருவானது. உடலமைப்பை வழிநடத்தும் 'அமைப்பாக்கி'ப் பகுதி கருவில் உண்டு என்பது இதனால் தெளிவாயிற்று. கட்டுரை 1924இல் ஸ்பேமானின் பெயரை முதலில் தாங்கி வெளிவந்தது. அதே ஆண்டில் மான்கோல்ட் தீ விபத்தில் இறந்தார். 1935இல் ஸ்பேமானுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மாணவியின் ஆய்வேடு நோபல் பரிசுக்கு அடித்தளமாவது அரிது. ஆயினும் அச்சோதனை இனப்பெருக்கப் பருவத்தையும் தேர்ந்த கைகளையும் நம்பியிருந்தது. நியூட்டில் மரபணு வரைபடமோ மாற்றுரு வகைகளோ இல்லை. அமைப்பாக்கியின் மூலக்கூறுகளான நாகின், கார்டின் ஆகியவை 1990களில்தான், அதுவும் தவளையில், இனங்காணப்பட்டன.

2. பகிர்வு நிறுவனமாதல்

பழ ஈ ஆய்வாளர்கள் 1934இல் வகைகளையும் குறிப்புகளையும் பரிமாறிக்கொள்ள ஒரு தகவல் இதழைத் தொடங்கினர். சிட்னி பிரென்னர் உருளைப்புழுவை ஆய்வுக்குத் தேர்ந்து, 1974இல் அதன் மரபியலை வெளியிட்டார். மறு ஆண்டே புழு ஆய்வாளர்களுக்கும் அத்தகைய மடல் உருவானது. 1983இல் ஜான் சல்ஸ்டன் குழு, கருவின் ஒவ்வொரு செல்லும் எந்தச் செல்லிலிருந்து பிரிந்தது என்பதை முழுமையாக வரைந்து முடித்தது. முதிர்ந்த இருபாற்புழுவின் உடற்செல்கள் 959 மட்டுமே. எந்த மாணவரும் தான் ஆராயும் மரபணு எந்தச் செல்லின் விதியை மாற்றுகிறது என்று அந்த வரைபடத்தில் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

ஹைடல்பர்க்கில் கிறிஸ்டியானே நுஸ்லைன் ஃபோல்ஹார்டும் எரிக் வீஷாஸும் பழ ஈக் கருவின் கண்ட அமைப்பைக் குலைக்கும் திடீர்மாற்றங்களைத் திரட்டி, 15 மரபணு இடங்களை 1980இல் அறிவித்தனர். ஒவ்வொரு மரபணுவும் ஓர் ஆய்வேட்டுக்கான தலைப்பாயிற்று. லூயிஸோடு இவ்விருவரும் 1995இல் நோபல் பரிசு பெற்றனர். பழ ஈயின் உடலமைப்பு மரபணுக்களில் இருந்த, 180 டிஎன்ஏ கார இணைகள் கொண்ட 'ஹோமியோபாக்ஸ்' துண்டு 1984இல் வெளிச்சத்துக்கு வந்தது. முதுகெலும்பிகளிலும் அதே துண்டு காணப்பட்டதால், ஈயில் எழுந்த கேள்விகளை எலியிலும் தவளையிலும் தொடர வழி பிறந்தது.

3. மரபணுத்தொகுதிக் காலம்

1996இல் பெர்முடாவில் கூடிய ஆய்வாளர்கள், மனித மரபணு வரிசைகளை 24 மணி நேரத்துக்குள் பொதுவில் வெளியிட உடன்பட்டனர். உருளைப்புழுவின் மரபணுத்தொகுதி வரிசை 1998இலும் பழ ஈயினது 2000இலும் வந்தன. முன்பு ஒரு மரபணுவைப் பிரித்தெடுப்பதே ஆய்வேட்டின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். வரிசை கைக்கு வந்தபின் அந்த உழைப்பின் பலனே தொடக்கப்புள்ளியாயிற்று. 2018இல் ஒற்றைச் செல் ஆர்என்ஏ வரிசையாக்கம், மீன், தவளைக் கருக்களின் பல்லாயிரம் செல்களில் எந்த மரபணுக்கள் இயங்குகின்றன எனப் படம்பிடித்தது. இன்றைய மாணவருக்கு நுண்ணோக்கியோடு புள்ளியியலும் நிரலெழுத்தும் வேண்டியிருப்பது இதனால்தான்.

4. இந்தியத் தொடர்ச்சி

மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒபைத் சித்திகி பழ ஈயைக் கொண்டு சுவை, மணம் உணரும் நரம்புவழிகளை ஆராய்ந்தார். அவரது மாணவி வெரோனிக்கா ரோட்ரிக்ஸ் 1978இல் அவரோடு சேர்ந்து இதுபற்றி எழுதினார். பின்னாளில் மணம் உணரும் உறுப்புகள் வளரும் விதத்தை ஆராய்ந்தார். பெங்களூருவின் தேசிய உயிரியல் அறிவியல் மைய (என்சிபிஎஸ்) வளாகத்தில் இன்று ஈ வகைகளைப் பேணும் மையம் இயங்குகிறது. இத்துறையில் சேர விரும்பும் மாணவருக்கு வழிகளும் உண்டு: சிஎஸ்ஐஆர்–யுஜிசி நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை (ஜேஆர்எஃப்) பெறுபவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் தனி நுழைவுத்தேர்வும் நடத்துகிறது.

முடிவுரை

பொதுவளம் செலவை முற்றிலும் நீக்கிவிடாது. திறந்த தரவிலிருந்து ஒரு கருதுகோளை எந்தக் கல்லூரியில் இருந்தும் எழுப்பலாம். அதை மெய்ப்பிக்க உயிருள்ள கருவும் மரபணுவை மாற்றும் வசதியும் வேண்டும். இன்றைய ஏற்றத்தாழ்வு அந்த இரண்டாம் படியில்தான் இருக்கிறது. ஆகவே சேரும் ஆய்வகத்தை மதிப்பிட அதன் கட்டுரை எண்ணிக்கை போதாது. எந்த உயிரி வகைகள் அங்குள்ளன, யாரிடமிருந்து பெறுகிறது, தன் தரவை யாருக்குத் தருகிறது என்று மாணவர் கேட்க வேண்டும்.