கடல் மறைத்த தடயம்

கொலையுண்டவரின் உடலே கிடைக்காதபோது, கொலை நடந்தது என்று துணிந்து கூற இயலுமா? இவ்வினாவுக்குச் சிங்கப்பூர் நீதிமன்றம் 1965ஆம் ஆண்டில் விடை பகர்ந்தது.

1963 ஆகஸ்ட் 27ஆம் நாள். ஜென்னி சியோக் என்னும் 22 வயது மதுக்கூடப் பணிப்பெண், தம் காதலன் சன்னி ஆங்குடன் தெற்கே சகோதரித் தீவுகளுக்குப் படகில் சென்றார். முக்குளிப்பில் பழக்கம் குறைந்த அவர், நீரோட்டம் மிகுந்த அக்கடலில் தனியே இறங்கினார். மீண்டும் மேலே வரவில்லை. முக்குளிப்பில் தேர்ந்த ஆங்கோ அவரைத் தேடி நீரில் இறங்கவேயில்லை.

குற்றம் நடந்த இடம் கடல். அங்கே காலடித் தடமும் இல்லை, குருதிக் கறையும் இல்லை. சில நாட்கள் கழித்து, அடியாழத்தைத் துழாவியவர்களுக்குத் துடுப்புக் காலணி ஒன்று மட்டும் கிட்டியது. அதன் வார் கூரிய கருவியால் அறுக்கப்பட்டிருந்தது.

அந்தக் காலணியோடு விசாரணை நின்றுவிடவில்லை. அப்பெண்ணின் வாழ்வையே அது துருவி ஆராய்ந்தது. ஏழைப் பணிப்பெண்ணின் உயிர்மீது இலட்சக்கணக்கான வெள்ளிக்குக் காப்புறுதிகள் எடுக்கப்பட்டிருந்தன. அவருடைய உடைமை ஆங்கின் தாயாரைச் சேருமாறு உயிலும் எழுதப்பட்டிருந்தது. காலாவதியான காப்புறுதி ஒன்று, அவர் மறைந்த அன்றுதான் நீட்டிக்கப்பட்டது. ஆங்கோ கடனில் நொடித்துப் போனவன். கடல் மறைத்ததைக் காகிதங்கள் காட்டிக்கொடுத்தன.

வழக்கை நடத்தியவர் பிரான்சிஸ் சியோ. எதிர்த்தரப்பில் வாதாடியவர், பின்னாளில் நாடாளுமன்ற நாயகராகவும் நீதிபதியாகவும் விளங்கிய பஞ்ச் குமாரசாமி. சூழ்நிலைச் சான்றுகளை ஒன்றாகச் சேர்த்து எடைபோட்ட எழுவர் அடங்கிய நடுவர் குழு, 1965 மே 18ஆம் நாள் ஒருமனதாகக் குற்றவாளி எனத் தீர்ப்புரைத்தது. உடல் கிடைக்காமலே கொலைக் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டது சிங்கப்பூரில் அதுவே முதன்முறை. 1967 பிப்ரவரி 6ஆம் நாள் ஆங் தூக்கிலிடப்பட்டான்.

மாதர் சாசனம் 1961இல் சட்டமாகி இரண்டே ஆண்டுகளில் நிகழ்ந்தது இக்கொலை. பெண் ஒருத்தி இறந்த இடத்தை மட்டும் ஆராய்ந்தால் போதாது; அவளை யார் நெருங்கினார், அவள் சாவால் யார் பயன்பெற்றார் என்பதையும் ஆராய வேண்டும். பெண்கொலை விசாரணைக்கென ஐக்கிய நாடுகள் அமைப்பின் துணையோடு இலத்தீன் அமெரிக்காவில் 2014இல் வகுக்கப்பட்ட மாதிரி நெறிமுறையும் இவ்வாறு உறவுச் சூழலை ஆராயுமாறே வலியுறுத்துகிறது.

ஜென்னியின் உடலைக் கடல் திருப்பித் தரவில்லை. ஆயினும், அவர் தானே மூழ்கி மாண்டார் என்று எழுதிக் கோப்பை மூடிவிட நீதி இசையவில்லை.