பந்தில்லாமல் ஓடிய ஒன்பதாம் எண்

பந்தைத் தொடாத வீரரும் எதிரணியைக் குலைக்க முடியும் என்பதை 1953 நவம்பர் 25 அன்று லண்டன் வெம்பிளி அரங்கில் ஹங்கேரி கால்பந்து அணி காட்டியது. அக்காலத்தில் 9 எண் சட்டை அணிந்தவர் எதிரணியின் கோலுக்கு அருகிலேயே நிற்பார். நடுத் தடுப்பாட்டக்காரர் அவரை விட்டு அகலமாட்டார். ஹங்கேரியின் 9ஆம் எண் வீரர் நாண்டோர் ஹிடேகுட்டியோ அங்கே நிற்காமல் நடுக்களத்துக்குப் பின்வாங்கினார். இங்கிலாந்தின் ஹாரி ஜான்ஸ்டன் இக்கட்டில் மாட்டிக்கொண்டார். பின்தொடர்ந்தால் கோல் முன் இடம் காலியாகும். அதற்குள் புஷ்காஷும் கோச்சிஷும் பாய்வார்கள். தொடராவிட்டால் ஹிடேகுட்டி தடையின்றிப் பந்தைப் பெற்று முன்னேறுவார். ஆட்டம் முடியும்வரை இதற்கு விடை கிடைக்கவில்லை.

முதல் நிமிடத்திலேயே கோல் அடித்த ஹிடேகுட்டி மொத்தம் மூன்று கோல்கள் போட்டார். ஹங்கேரி 6–3 என வென்றது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியிலிருந்து வந்த அணியிடம் இங்கிலாந்து சொந்த மண்ணில் தோற்றது அதுவே முதல்முறை. ஜான்ஸ்டனைக் குறை சொல்வது நியாயமன்று. சட்டை எண்ணைப் பார்த்து ஆளைக் காக்கும் பழக்கம்தான் அன்று தோற்றது. எனினும் அவர் அதன்பின் இங்கிலாந்துக்காக ஆடவில்லை.

ஆறே மாதத்தில் புடாபெஸ்டில் ஹங்கேரி மீண்டும் 7–1 என வென்றது. பின்னர் மான்செஸ்டர் சிட்டி கழகம் டான் ரெவியை இதேபோல் பின்வாங்கி ஆடச்செய்து, 1956இல் எஃப்.ஏ. கோப்பையைக் கைப்பற்றியது.