தங்கத் தடம் – 14: ராண்ட் பாறையைக் கரைத்தவர்

ட்ரான்ஸ்வால் எல்லையில் பீட்சானி முகாமில் டாக்டர் ஜேம்சனின் ஆட்கள் குதிரைகளுக்குச் சேணம் பூட்டிக்கொண்டிருந்த இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். 1895 டிசம்பர் 29. ட்ரான்ஸ்வால் அதிபர் குரூகரின் பிடிவாதம், வெளிநாட்டாருக்கு வாக்குரிமை கேட்டு எழுந்த கூச்சல், கேப் டவுனிலிருந்து கேப் காலனிப் பிரதமர் ரோட்ஸ் ஆட்டுவித்த சூத்திரக் கயிறு எல்லாம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஆனால் வாக்குரிமைக்காகவா ஒரு கோடீஸ்வரர் கூட்டம் துப்பாக்கி கடத்தும்? அவர்களுக்கு இருந்த அவசரம் என்னவென்று தெரிய வேண்டுமானால் முதலில் அந்தப் பாறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதைக் கரைத்த மனிதரையும்.

கலிஃபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவின் பாலரட்டிலும் ஆற்று மணலைத் தட்டில் அலசினாலே தங்கம் கண்ணில் பட்டது. கோலாரில் படிகக்கல் நரம்புகளைத் தொடர்ந்துபோய் எடுத்தார்கள். ட்ரான்ஸ்வாலின் விட்வாட்டர்ஸ்ராண்டில், சுருக்கமாக ராண்டில், இரண்டுமில்லை. அங்கே இருப்பது கூழாங்கல் பாறை. பாகில் இறுகிய கடலை மிட்டாய் மாதிரி, வெள்ளைக் கூழாங்கற்கள் கெட்டிப்பட்ட மணலில் நெருக்கியடித்து நிற்கும். தங்கம் கூழாங்கற்களுக்குள் இல்லை. அவற்றுக்கு இடையிலுள்ள பசையில், பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாத துகளாக இருக்கிறது. ஒரு டன் பாறையை இடித்தால் சில கிராம் கிடைக்கும். ஆனால் அந்தப் படுகை மைல் கணக்கில் அறுபடாமல் ஓடுகிறது. உலகில் இதுவரை தோண்டிய தங்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த ஒரே வடிநிலத்திலிருந்து வந்தது என்பது பொதுவான கணக்கு.

சுமார் 290 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய சரளை அது. அப்போது காற்றில் ஆக்சிஜன் இல்லையென்றே சொல்லலாம். அதற்குச் சாட்சியும் அந்தப் பாறைக்குள்ளேயே கிடைக்கிறது: ஆற்றில் உருண்டு வழவழப்பான பைரைட் மணிகள், யுரேனியத் தாதுவின் மணிகள். இன்றைய காற்றும் நீரும் பட்டால் இவை துருப்பிடித்தும் கரைந்தும் போய்விடும், அன்று போகவில்லை. தங்கமும் ஆற்றோடு வந்ததா, பின்னால் பூமிக்குள் ஓடிய வெந்நீர் கொண்டுவந்து சேர்த்ததா என்று நிலவியலாளர்கள் நூறாண்டாகச் சண்டை போடுகிறார்கள். நான் ஆற்றின் கட்சி. 2002-ல் ரீனியம், ஆஸ்மியம் தனிமங்களை வைத்து வயது கணித்தபோது தங்கம் தன்னைச் சுமக்கும் பாறையைவிட மூத்தது, 300 கோடி ஆண்டுப் பழையது என்று வந்தது. பின்னால் வெப்பத்தில் கொஞ்சம் இடம் மாறியிருக்கலாம், ஆனால் பிறந்த ஊர் வேறு.

இத்தனை காலம் மழையும் காற்றும் அரித்துத் தின்னாமல் அது தப்பியதற்கு ஒரு பெரும் விபத்தும் காரணம். 202 கோடி ஆண்டுகளுக்கு முன் ஜோகன்னஸ்பர்க்குக்குத் தென்மேற்கே, இன்றைய ஃப்ரெடஃபோர்ட் பக்கம், ஒரு விண்கல் வந்து மோதியது. அந்த அடியில் படுகைகள் வளைந்து கீழே அமுங்கின. மேலே இருந்தது காலப்போக்கில் கரைந்துபோக, அமுங்கியது பிழைத்தது. அதன் வடக்கு விளிம்பு மட்டும் தரைக்கு மேலே தலைகாட்டியது. 1886-ல் லாங்லாக்டே பண்ணையில் ஜார்ஜ் ஹாரிசன் இடறியது அந்த விளிம்பில்தான். அவர் தன் உரிமையைப் 10 பவுண்டுக்கு விற்றுவிட்டுப் போனதை ஏற்கெனவே எழுதிவிட்டோம்.

மேலே தெரிந்த பாறை இளகியிருந்தது. மழைநீர் இறங்கி பைரைட்டைத் துருவாக்கி, தங்கத்தை விடுவித்து வைத்திருந்தது. அதை இடித்து, தண்ணீர் கலந்து, பாதரசம் பூசிய செம்புத் தகட்டின் மேல் ஓடவிட்டால் தங்கம் ஒட்டிக்கொண்டது. மூன்று வருடம் ஊரே திருவிழா. 1889-ல் சுரங்கங்கள் துரு மண்டலத்தைத் தாண்டின. கீழே பச்சைப் பாறை. பைரைட் பத்திரமாக இருந்தது. அதிலுள்ள கந்தகம் பாதரசத்தைக் கெடுத்தது. தங்கத்தில் பெரும்பகுதி தகட்டில் ஒட்டாமல் சேற்றோடு சேறாக ஓடிப்போனது. பங்குகள் சரிந்தன. வங்கிகள் கையை விரித்தன. மூட்டை கட்டியவர்கள் ஏராளம். ஜோகன்னஸ்பர்க் மூன்று வயதில் செத்துப்போக வேண்டிய ஊர்.

காப்பாற்றியவர் ஜான் ஸ்டூவர்ட் மக்ஆர்தர். கிளாஸ்கோக்காரர், 1856-ல் பிறந்தவர். பதினான்கு பதினைந்து வயதில் ஒரு செம்புக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் எடுபிடியாகச் சேர்ந்து, அங்கேயே வேதியியல் கற்றவர். பிற்பாடு கேஸல் என்ற தங்கப் பிரிப்புக் கம்பெனிக்காக வேலை பார்த்தார். கூட்டாளிகள் ராபர்ட் ஃபாரஸ்ட், வில்லியம் ஃபாரஸ்ட் என்ற டாக்டர் சகோதரர்கள். தங்கத்தைக் கரைக்கும் திரவம் எது எதுவென்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். 1886 நவம்பரில் பொட்டாசியம் சயனைடையும் போட்டார்கள்.

இந்த இடத்தை நான் எத்தனை முறை படித்தாலும் மனசு அடித்துக்கொள்கிறது. கரைசலில் தங்கம் இறங்கியதா என்று பார்க்க அவர்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவைச் செலுத்தினார்கள். தங்கம் இருந்தால் கறுப்பாகப் படிய வேண்டும். ஒன்றும் படியவில்லை. சயனைடு உதவாது என்று எழுதி வைத்துவிட்டு அடுத்த திரவத்துக்குப் போனார்கள். உண்மையில் தங்கம் முழுக்கக் கரைந்துதான் இருந்தது. சயனைடு அதை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டதால் அந்த வாயுவால் பிரிக்க முடியவில்லை. ஓராண்டு கழித்து, 1887 அக்டோபரில், பழைய சோதனைகளைத் திரும்ப எடுத்தார்கள். இந்த முறை கரைசலை விட்டுவிட்டு மிச்சமிருந்த தாதுவை உருக்கிப் பார்த்தார்கள். அதில் தங்கம் இல்லை. அந்த மாதமே காப்புரிமைக்கு மனுப் போட்டார்கள்.

சயனைடு தங்கத்தைக் கரைக்கும் என்பது அதற்கு முன்பே வேதியியலாளர்களுக்குத் தெரியும். ஷீலே 18-ம் நூற்றாண்டிலேயே சொல்லியிருக்கிறார். அதற்குக் காற்றிலுள்ள ஆக்சிஜனும் வேண்டும் என்று எல்ஸ்னர் 1846-ல் காட்டினார். மக்ஆர்தரின் சாதனை அளவைக் கண்டுபிடித்தது. ஆயிரம் பங்கு தண்ணீருக்கு எட்டுப் பங்கு சயனோஜனுக்கு மேல் வேண்டாம் என்றார். அவ்வளவு நீர்த்த கரைசல் தங்கத்தைத்தான் முதலில் தேடிப் பிடிக்கும். மற்ற உலோகங்களோடு அதிகம் மல்லுக்கு நிற்காது. அதில் இறங்கிய தங்கத்தைத் துத்தநாகச் சீவலைக் கொண்டு திரும்பப் பெற்றார். நம்மூர் நகைப் பட்டறைகளில் மெருகுக்குப் பயன்பட்டு, எத்தனையோ குடும்பங்களைக் காவு வாங்கிய அதே சயனைடுதான்.

1890-ல் அது ராண்டுக்கு வந்தது. ஆலை ஓரத்தில் பெரிய மரத்தொட்டிகள். பாதரசம் பிடிக்காமல் விட்ட கழிவு மணலை அவற்றில் நிரப்பி, சுண்ணாம்பு சேர்ப்பார்கள். சுண்ணாம்பு இல்லையென்றால் புளித்த பைரைட் சயனைடை விஷவாயுவாக்கிவிடும். கரைசல் மேலிருந்து நாள்கணக்கில் கசிந்து இறங்கும். அடியில் வடிந்த தெளிநீர் துத்தநாகச் சீவல் அடைத்த நீளப் பெட்டிக்குள் அறை அறையாக ஏறி இறங்கிப் போகும். பளபளவென்றிருந்த சீவல் கறுத்து, சகதியாக உதிரும். அந்தக் கறுப்புச் சகதிதான் தங்கம். அமிலத்தில் கழுவி, வெண்காரம் போட்டு உருக்கினால் கட்டி.

1890-ல் 5 லட்சம் அவுன்ஸுக்குக் குறைவாக இருந்த ராண்டின் உற்பத்தி 1892-ல் 12 லட்சத்தைத் தொட்டது. 1898-ல் உலகத் தங்கத்தில் கால் பங்குக்கு மேல் ட்ரான்ஸ்வாலுடையது. கோலாருக்கும் இதே முறை வந்தது. வட ஆற்காட்டிலிருந்து போன நம் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே சயனைட் மேடுகளின் தூசியைச் சுவாசிக்கிறார்கள்.

மக்ஆர்தருக்குக் கிடைத்தது வழக்கு. உரிமத்தொகை கொடுக்க மனமில்லாத சுரங்க முதலாளிகள், ஷீலே காலத்திலிருந்தே தெரிந்த சங்கதிதானே என்று வாதாடினார்கள். 1896-ல் ட்ரான்ஸ்வால் நீதிமன்றம் காப்புரிமையை ரத்து செய்தது. தங்கள் சொத்து மண்ணாகிப்போக இருந்தபோது கை கொடுத்தவருக்கு அவர்கள் செய்த மரியாதை அது. எனக்கு இது பச்சைத் துரோகம். அவர் கசந்துபோய் உட்கார்ந்துவிடவில்லை. பிற்காலத்தில் ரேடியம் தயாரிக்கப் போய்விட்டார். ரோட்ஸுக்குச் சிலை வைத்தவர்கள் அவரை மறந்தார்கள்.

சயனைடு வந்ததால் ஆழம் கட்டுபடியானது. படுகை தெற்கே சரிந்து இறங்குகிறது. விளிம்பிலிருந்து தள்ளி நிலம் வாங்கி, ஆயிரக்கணக்கான அடி செங்குத்தாகத் தோண்டினால் அதே படுகையைக் கீழே பிடிக்கலாம். ஆனால் முதல் கிராம் வெளிவருவதற்கு முன் வருடக்கணக்கில் பணத்தைக் கொட்ட வேண்டும். தங்கத்தின் விலையோ லண்டனில் கட்டிப்போட்ட விலை: 22 காரட் அவுன்ஸ் 3 பவுண்டு 17 ஷில்லிங் 10½ பென்ஸ். ஒரு பென்னி கூட்டி விற்க முடியாது. ஆக லாபம் செலவைக் குறைப்பதில் மட்டுமே. குரூகர் அரசு தனியாருக்குக் கொடுத்திருந்த டைனமைட் ஏகபோகம் செலவை ஏற்றியது. அதை உடைக்க முடியாதவர்கள் கூலியின் மேல் கை வைத்தார்கள். மொசாம்பிக்கிலிருந்தும் சுற்றுப்புறங்களிலிருந்தும் கொண்டுவரப்பட்டு, கொட்டடிகளில் அடைக்கப்பட்டு, நிமிர முடியாத பாறை இடுக்கில் உளியும் சுத்தியலுமாகத் துளைபோட்ட கறுப்பினத் தொழிலாளர்கள் 1899 வாக்கில் ஏறக்குறைய 1 லட்சம் பேர். 1896-லும் 1897-லும் சுரங்க முதலாளிகள் சங்கம் கூடிப் பேசி அவர்கள் கூலியைக் குறைத்தது. படிகக்கல் தூசியால் நுரையீரல் இறுகிப்போன ராண்ட் தொழிலாளர் பரம்பரைக்கு நஷ்டஈடு ஒப்பந்தம் வர 2018 ஆயிற்று.

1895-க்கு வருவோம். ஜெஃப்ரி பிளெய்னி என்ற ஆஸ்திரேலிய வரலாற்றாசிரியர் 1965-ல் ஒரு வாதம் வைத்தார்: குரூகர் அரசைக் கவிழ்க்கும் சதியில் இறங்கியவர்கள் ஆழச் சுரங்கத்தில் பணத்தைப் புதைத்தவர்கள், மேல்மட்டச் சுரங்கக்காரர்கள் ஒதுங்கி நின்றார்கள். பின்வந்த ஆய்வாளர்கள் பலர் இதில் ஓட்டை கண்டார்கள். எனக்கு இதன் அடிப்படை சரியென்றே படுகிறது. ரோட்ஸும் ஆல்ஃபிரட் பெய்ட்டும் ஆழத்தில் இறங்கியவர்கள், சதியின் நடுநாயகமும் அவர்கள்தான். சுரங்க முதலாளி ஜே.பி.ராபின்சன் வெளியே நின்றார். பார்னி பார்னட்டோவும் சதியில் இல்லை. ஆனால் அவருடைய சகோதரி மகன் சோலி ஜோயல் அதில் மாட்டிக்கொண்டார். மருமகனை விடாவிட்டால் என் சுரங்கங்கள் அத்தனையையும் மூடுவேன் என்று பார்னட்டோ குரூகரையே மிரட்டினார். ஜேம்சனின் ஐந்து நாள் ஓட்டத்தையும் டோர்ன்கோப் சரணாகதியையும் அந்த மிரட்டலோடு சேர்த்து அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)