தூக்குக்குத் தப்பிய கடைசல்காரர்

1843 ஜனவரி 20. லண்டன் சேரிங் கிராஸ் பக்கம் நடந்துபோய்க்கொண்டிருந்த எட்வர்டு டிரம்மண்டை ஒருவர் பின்னாலிருந்து சுட்டார். டிரம்மண்ட், பிரதமர் ராபர்ட் பீலின் அந்தரங்கச் செயலாளர். ஐந்தாம் நாள் இறந்துபோனார். சுட்டவர் டேனியல் மக்நாட்டன், கிளாஸ்கோவின் மரக்கடைசல் தொழிலாளி. பீல் என்று நினைத்தே அவர் டிரம்மண்டைச் சுட்டார் என்பது பரவலான கருத்து. டோரி கட்சிக்காரர்கள் போகிற இடமெல்லாம் தன்னைத் துரத்துகிறார்கள், ராத்தூக்கமே போய்விட்டது என்று பிடிபட்டபின் சொன்னார்.

பார்த்தால் பைத்தியம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். சொந்தமாகப் பட்டறை நடத்தியவர். கையில் 750 பவுண்டுக்கு வங்கி ரசீது வேறு. பணங்காசில் இவ்வளவு கெட்டியானவருக்கு ஒரு விஷயத்தில் மட்டும் புத்தி பிசகுமா? பிசகும் என்று வாதாடினார் வழக்கறிஞர் அலெக்சாண்டர் காக்பர்ன். அமெரிக்க மருத்துவர் ஐசக் ரே 1838இல் வெளியிட்ட நூல் அவருக்குக் கைகொடுத்தது. சாட்சி சொன்ன மருத்துவர்களில் இருவர் மக்நாட்டனைச் சோதித்ததே கிடையாது; நீதிமன்றத்தில் உட்கார்ந்து விசாரணையைக் கவனித்தவர்கள், அவ்வளவுதான். ஆனால் மறுத்துப் பேச அரசுத் தரப்பில் ஒரு மருத்துவர்கூட இல்லை. தலைமை நீதிபதி டிண்டல் விசாரணையைப் பாதியில் நிறுத்தினார். புத்தி சுவாதீனம் இல்லாததால் குற்றவாளி அல்ல என்றது ஜூரி.

விடுதலை என்று இதைச் சொல்ல முடியாது. பெத்லம் மனநோய் மருத்துவமனையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் அடைபட்டுக் கிடந்தார். 1864இல் பிராட்மூருக்கு மாற்றினார்கள். அடுத்த ஆண்டு இறந்தார்.

தீர்ப்பு விக்டோரியா ராணிக்குப் பிடிக்கவில்லை. 1840இல் அவரையே சுட முயன்ற ஒருவரும் இதே காரணத்தால் தூக்குக்குத் தப்பியிருந்தார். பிரபுக்கள் சபை நீதிபதிகளைக் கூப்பிட்டு ஐந்து கேள்விகள் கேட்டது. சோதிக்காமலே கருத்துச் சொல்லும் மருத்துவரை அனுமதிக்கலாமா என்பதும் அதில் ஒன்று. கிடைத்த பதில்களின் சாரம்: மனக்கோளாறால், செய்யும் காரியம் இன்னதென்றோ அது தவறென்றோ அந்த நேரத்தில் தெரியாதிருந்தால் மட்டுமே விலக்கு. வேடிக்கை என்னவென்றால், இந்த அளவுகோலை வைத்துப் பார்த்திருந்தால் மக்நாட்டனையே தூக்கில் போட்டிருக்கக்கூடும். துப்பாக்கியால் சுட்டால் ஆள் சாவான் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவும் கிட்டத்தட்ட இதையே கேட்டது. அதனால்தான் நம்மூர் செஷன்ஸ் கோர்ட்டில், பல வருடம் மாத்திரை சாப்பிட்டதற்கான சீட்டுகளை மட்டும் நீட்டினால் போதாது. சம்பவ நேரத்தில் புத்தி எப்படி இருந்தது என்பதே கேள்வி. ஓடினாரா, ஆயுதத்தை ஒளித்தாரா என்றெல்லாம் நீதிபதி பார்ப்பார். நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது. ஆனால் அதற்கு உரிமையியல் வழக்கின் அளவுக்கு ஆதாரம் போதும் என்று 1964இல் தாயாபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் பாரத்தைக் கொஞ்சம் குறைத்தது.

மருத்துவம் அந்த ஒரு நிமிடத்தோடு நிற்பதில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைகளையும் மனநோய்க்குள் சேர்த்தது. மனநோய் இருப்பதாலேயே ஒருவரைப் புத்தி சுவாதீனம் அற்றவராகக் கருதக்கூடாது, அதை நீதிமன்றம்தான் அறிவிக்க வேண்டும் என்றும் சொன்னது. 2023 ஆகஸ்டில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா மசோதாவோ பழைய 84ஆம் பிரிவை மாற்றி, நேரடியாக மனநோய் என்றே எழுதியிருந்தது. இவ்வளவு விரிந்த அர்த்தத்தில் போட்டால் குடிபோதைக்காரரும் தப்பிக்கப் பார்ப்பார் என்று நாடாளுமன்ற நிலைக்குழு எச்சரித்தது. டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தின் 22ஆம் பிரிவில் பழைய வாசகமே திரும்பி வந்துவிட்டது.