மஞ்சள் கொடியும் மரக்கிளையும்

மோட்டார் பந்தயத்தின் விதிநூல் எழுத்தாளர்களால் எழுதப்பட்டதன்று, மரணங்களால் எழுதப்பட்டது. அதன் ஒவ்வொரு பிரிவுக்குப் பின்னாலும் ஒரு கல்லறை உண்டு. இலங்கையில் நாம் அதனை மிகத் தாமதமாகவே படிக்கத் தொடங்கியிருக்கிறோம்.

மலைநாட்டிற்கு இவ்விளையாட்டு புதிதன்று. நுவரெலியாவில் மகாகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் 1934இலேயே தொடங்கிவிட்டது. ஏப்ரல் மாதத்து வசந்த காலத்தோடு சேர்ந்த பந்தயங்கள் தோட்டத்து மக்களுக்கும் திருவிழாவாயின. தியத்தலாவை நரியகந்தவில் இராணுவ எக்கடமி முன்னின்று நடத்தும் 'ஃபொக்ஸ் ஹில்' மண்பாதைப் பந்தயமும் அந்த வரிசையில் வந்ததே.

2024 ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை. சில ஆண்டு இடைவெளிக்குப் பின் நடந்த அப்பந்தயத்தைக் காணப் பெருங்கூட்டம் திரண்டிருந்தது. ஒரு கார் பாதையோரத்தில் கவிழ்ந்தது. பின்னால் வருவோரை எச்சரிக்கப் பணியாளர்கள் மஞ்சள் சமிக்ஞை காட்டினர். ஆயினும் சற்று நேரத்தில் மற்றொரு கார் கட்டுப்பாட்டை இழந்து கூட்டத்திற்குள் பாய்ந்தது. 8 வயதுச் சிறுமி ஒருத்தி உட்பட 7 பேர் மாண்டனர். இறந்தவர்களில் பந்தயப் பணியாளர்களும் இருந்தனர். சாரதிகள் இருவரைப் பொலிஸார் கைதுசெய்தனர். இராணுவம் விசாரணைக் குழு அமைத்தது.

கொன்றது முதலாவது விபத்தன்று, இரண்டாவது விபத்து என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

உலகம் இந்தப் பாடத்தை ஏற்கெனவே படித்திருக்கிறது. 2014 ஒக்டோபர் 5இல் ஜப்பானின் சுசுக்கா ஓடுதளத்தில், மழையில் வழுக்கி விலகிய ஒரு காரைப் பாரந்தூக்கி வாகனம் அகற்றிக்கொண்டிருந்தது. இரட்டை மஞ்சள் கொடி வீசப்பட்டிருந்தும், ஜூல்ஸ் பியாங்கியின் கார் அதே இடத்தில் விலகி அவ்வாகனத்தில் மோதியது. நினைவு திரும்பாமலே 2015 ஜூலையில் அவர் இறந்தார். 'வேகத்தைக் குறை' என்று சாரதியின் மனச்சாட்சிக்கு விட்டுவைத்தது போதாது என்பது அப்போதுதான் உறைத்தது. 2015 முதல் ஃபோர்முலா வன் பந்தயத்தில், ஆபத்து வேளையில் எல்லாக் கார்களும் குறிக்கப்பட்ட நேரத்திற்கு மெதுவாகவே ஓடவேண்டும் என்ற முறை வந்தது. மீறினால் தண்டனை.

அதற்கும் முன்னர், 1955 ஜூன் 11இல் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் பியர் லெவேயின் மெர்சிடிஸ் பார்வையாளர் மேடையில் சிதறி எண்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. விசாரணை எந்தச் சாரதியையும் குற்றவாளியாக்கவில்லை. பழைய காலத்துப் பாதை புதிய வேகத்திற்கு ஏற்றதன்று என்றே கண்டது. சுவிட்சர்லாந்து சுற்றுப்பாதைப் பந்தயங்களையே தடைசெய்தது. அத்தடை பல பத்தாண்டுகள் நீடித்தது.

அமெரிக்காவின் நேர்பாதை 'டிராக்' பந்தயத்தில், எதிராளியின் ஓடுபாதைக்குள் எல்லைக்கோட்டைத் தாண்டிச் சென்றவர் தகுதி நீக்கப்படுவார். முந்தியவர் அவரே என்றாலும் வெற்றி அவருக்கில்லை. 2008 ஜூனில் ஸ்கொட் கலிட்டா இங்கிலீஷ்டவுன் ஓடுதளத்தில் இறந்தபின், அதிவேகப் பிரிவுகளின் தூரமே 1,320 அடியிலிருந்து 1,000 அடியாகச் சுருக்கப்பட்டது. நிற்பதற்கு இடம் வேண்டுமென்றால் ஓடும் தூரத்தைக் குறை என்பதே அதன் தருக்கம்.

பத்திரிகைத் தொழிலில் நான் கண்ட வழக்கம் ஒன்றுண்டு. விபத்து நடந்தால் சாரதியின் பெயர் தலைப்பிலே வரும். தடுப்புச் சுவரின் உயரமும், கூட்டம் நின்ற தூரமும் செய்திக்குள்ளும் வருவதில்லை. கைதுகள் கோபத்தைத் தணிக்கலாம். அடுத்த சிறுமியைக் காப்பது விதிகளே: வளைவின் வெளிப்புறத்தில் மனிதர் நிற்கலாகாது, கார் கவிழ்ந்தால் பந்தயம் நிற்கவேண்டும், மஞ்சள் சமிக்ஞையை மதியாதவர் முதலிடத்தில் வந்தாலும் நீக்கப்படவேண்டும். மூன்றாவது விதி கசப்பானது. ஆனால் வெற்றி பறிபோகும் என்ற அச்சமே ஆக்சிலேற்றரிலிருந்து காலை எடுக்கச் செய்யும்.

இங்கே உக்குவளையிலிருந்து எல்கடுவைக்கு ஏறும் மலைப்பாதையில் லொறி ஒன்று பழுதாகி நின்றால், வளைவுக்கு முன்பே ஒரு மரக்கிளையை முறித்துப் போடுவார்கள். அதைக் கண்டும் வேகமாக வருபவனை ஊர் மன்னிப்பதில்லை. எந்தச் சம்மேளனமும் எழுதித் தராத அந்த விதிக்கு உள்ள மரியாதை, பந்தயத் திடலின் மஞ்சள் சமிக்ஞைக்கும் கிடைக்கவேண்டும்.