கைகாட்டியிலிருந்து கண்சிமிட்டும் விளக்கு வரை

பழைய கார்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பெரும்பாலோர் இன்ஜினைப் பற்றியும் மைலேஜைப் பற்றியும்தான் பேசுவார்கள். இண்டிகேட்டரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 36 வருஷம் ஒரு போக்குவரத்துக் கழகப் பணிமனையில் எலெக்ட்ரிகல் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதாலோ என்னவோ, எனக்கு அந்தச் சின்ன விளக்கின் மேல் ஒரு தனிப் பிரியம் உண்டு. அதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. நம் வயதுக்காரர்கள் அதில் பாதியைக் கண்ணால் பார்த்திருப்போம்.

முதலில் இருந்தது கைதான். கார் ஓட்டுகிறவர் வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டுவார். 1939ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இந்தச் சைகைகள் எழுதப்பட்டிருந்தன. வலது பக்கம் திரும்ப, உள்ளங்கை முன்பக்கம் பார்க்கும்படி கையை நேராக நீட்ட வேண்டும். இடது பக்கம் திரும்ப, நீட்டிய கையைக் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுற்ற வேண்டும். வேகம் குறைக்க, உள்ளங்கையைக் கீழே பார்த்தபடி வைத்து மேலும் கீழும் ஆட்ட வேண்டும். நிறுத்துவதற்கு முன்னங்கையைச் செங்குத்தாகத் தூக்க வேண்டும். லைசென்ஸ் வாங்கப் போனவர்களுக்கு நினைவிருக்கும். எட்டுப் போட்டுக் காட்டினால் மட்டும் போதாது, கை சிக்னலும் காட்ட வேண்டும்.

பஸ்ஸிலும் லாரியிலும் டிரைவரின் கை இடது பக்கம் எட்டாது. அதற்கு கிளீனர் இருந்தார். இடது கதவில் தொங்கிக்கொண்டு கையை நீட்டுவார், கதவைத் தட்டுவார், 'ரைட், ரைட்' என்று குரல் கொடுப்பார். அந்த நாளில் லாரியின் இடது பக்க இண்டிகேட்டர் சம்பளம் வாங்கும் ஒரு மனிதர்தான்.

கையை வெளியே நீட்டுவதில் சங்கடங்கள் உண்டு. மழையில் சட்டை நனையும். இருட்டில் கை தெரியாது. கியர் மாற்ற வேண்டிய நேரத்தில் ஸ்டீயரிங்கைப் பிடிக்க ஒரு கைதான் மிச்சம். ஆகவே காருக்கே ஒரு கை வைத்தால் என்ன என்று யோசித்தார்கள். அதற்கு முன்மாதிரி அப்போதே இருந்தது. ரயில்வே ஸ்டேஷன் வெளியில் நிற்குமே கைகாட்டி, அதேதான். ஐரோப்பாவில் 1920களிலும் 30களிலும் கார்களின் பக்கவாட்டில் சின்னக் கைகாட்டிகள் வந்தன. ஜெர்மானியர்கள் இதற்கு வைத்த பெயர் 'விங்கர்'. கையசைப்பவன் என்று அர்த்தம். இங்கிலாந்தில் லூகாஸ் கம்பெனி வைத்த பெயர் 'ட்ராஃபிகேட்டர்'. நம் ஊர் மெக்கானிக்குகளும் அந்தப் பெயரைத்தான் சொன்னார்கள். சிறுவர்களான நாங்கள் கைகாட்டி என்றுதான் சொல்வோம்.

மாரிஸ் மைனர் காரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முன் கதவுக்கும் பின் ஜன்னலுக்கும் நடுவே உள்ள தூணில் நீளமாக ஒரு பிளவு இருக்கும். சுவிட்சைத் திருப்பினால் அதிலிருந்து மஞ்சள் நிறத்தில் ஒரு கை 'டக்' என்று வெளியே வந்து கிடைமட்டமாக நிற்கும். உள்ளே சுமார் 3 வாட் பல்பு ஒன்று எரியும். வேலை செய்யும் விதம் ரொம்ப எளிது. ஒரு செம்புக் கம்பிச் சுருள், அதன் நடுவே ஓர் இரும்புத் தண்டு. மின்சாரம் பாய்ந்தால் சுருள் காந்தமாகித் தண்டை இழுக்கும். தண்டு கையைத் தூக்கும். சுவிட்சை அணைத்தால் கை தன் எடையில் தானே விழுந்து உள்ளே போய்விடும்.

எளிதென்றாலும் தொந்தரவு இல்லாமல் இல்லை. தூசியும் துருவும் சேர்ந்தால் கை பாதியில் நின்றுவிடும். ஓட்டுகிறவர் முஷ்டியால் தூணில் ஒரு குத்து விடுவார். கை வெளியே வரும். திரும்பிய பிறகு உள்ளே போக மறுத்தால் இன்னொரு குத்து. நெடுநேரம் தூக்கியே வைத்திருந்தால் சுருள் சூடேறும். கடைத்தெருவில் நீட்டிய கையைச் சைக்கிள்காரரோ மாட்டு வண்டியோ உரசி ஒடித்துவிட்டுப் போவதும் சகஜம்.

நம் நாட்டில் மாரிஸ் வண்டிகள் வந்து சேர்ந்த கதையையும் இங்கே சொல்ல வேண்டும். பிர்லா குடும்பத்தார் 1942இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் மாரிஸ் கார்களைத் தங்கள் பெயரில் தயாரித்தது. மாரிஸ் மைனர்தான் 'பேபி ஹிந்துஸ்தான்'. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு லேண்ட்மாஸ்டராகவும், 1957இல் அம்பாசடராகவும் வந்தது. பம்பாயில் வால்சந்தின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் ஃபியட் தயாரித்தது. சென்னையில் வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு கம்பெனி இருந்தது. 1961 முதல் ஹெரால்டு அங்கிருந்துதான் வந்தது. கார் மின்சாதனங்களுக்கென்று 1960களின் தொடக்கத்தில் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். தொழிற்சாலை எழுந்தது. எங்கள் பணிமனையில் நாங்கள் கழற்றி மாட்டிய ஸ்டார்ட்டர் மோட்டாரும் டைனமோவும் பெரும்பாலும் அந்தப் பெயர் தாங்கியவைதான்.

இதற்குள் அமெரிக்காவில் விஷயம் வேறு பக்கம் போய்விட்டது. 1939ஆம் வருஷத்து ப்யூக் கார்களில் விட்டு விட்டு எரியும் விளக்கைக் கம்பெனியிலேயே பொருத்தி விற்றார்கள். ஐரோப்பா இதை ஏற்றுக்கொள்ளக் கிட்டத்தட்ட இருபது வருஷம் எடுத்துக்கொண்டது. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலிலும் சரி, மாரிஸ் மைனரிலும் சரி, கைகாட்டி 1960, 61 வரை உயிரோடு இருந்தது. அதன் பிறகு மின்னும் விளக்குதான்.

மின்னும் விளக்கு ஏன் ஜெயித்தது? நம் கண் அசையாத பொருளைச் சீக்கிரம் மறந்துவிடும். மாறிக்கொண்டே இருப்பதை விடாது கவனிக்கும். நடுத்தூணிலிருந்து நீளும் சின்னக் கை, நேர் பின்னால் வருகிறவனுக்குச் சரியாகத் தெரியாது. உச்சி வெயிலில் 3 வாட் பல்பு எரிகிறதா என்று பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். வண்டியின் நான்கு மூலைகளில் 21 வாட் பல்புகள் மின்னினால் தூரத்திலேயே தெரியும்.

மின்ன வைக்கும் டப்பாவுக்கு 'ப்ளாஷர்' என்று பெயர். அதற்குள் எலெக்ட்ரானிக்ஸ் எதுவும் கிடையாது. ஓர் உலோகக் கம்பி, ஒரு காண்டாக்ட் பாயிண்ட். மின்சாரம் பாயும்போது கம்பி சூடேறி நீளும், குளிர்ந்தால் சுருங்கும். நீண்டு சுருங்குவதில் காண்டாக்ட் சேர்ந்து பிரியும். காருக்குள் கேட்ட அந்த 'டிக், டிக்' சத்தம் அதுதான். இப்போதைய கார்களில் பழக்கம் விடக்கூடாது என்று அதே சத்தத்தைச் சின்ன ஸ்பீக்கரில் போட்டுக் காட்டுகிறார்கள்! நிமிஷத்துக்கு 60 தடவைக்குக் குறையாமலும் 120க்கு மேற்படாமலும் மின்ன வேண்டும் என்பது விதி. பழைய ப்ளாஷரில் ஒரு வசதி இருந்தது. ஒரு பல்பு ஃபியூஸ் போனால் மின்சாரம் குறையும், துடிப்பு மாறிவிடும். சத்தத்தை வைத்தே 'பல்பு போயிடுச்சு' என்று அனுபவப்பட்ட டிரைவர்கள் சொல்லிவிடுவார்கள்.

இனி நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

என் பள்ளித் தோழர் ஒருவரிடம் அவர் அப்பா வாங்கிய மாரிஸ் மைனர் இருக்கிறது. கைகாட்டியோடு கூடிய வண்டி. அப்பா காலமான பிறகும் விற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தானே துடைத்து, தானே ஓட்டுவார். சில வருஷங்களுக்கு முன் பைபாஸ் சாலையில் வலது பக்கம் திரும்பும்போது, பின்னால் வந்த ஒரு பையன் பைக்கில் வலது பக்கமாகவே ஏறி வந்துவிட்டான். மயிரிழையில் தப்பினார்கள். பைக் சாய்ந்து அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. தோழர் பதறி இறங்கி ஓடினார். அந்தப் பையன் மரியாதையாகத்தான் கேட்டானாம், "சார், சிக்னல் போட்டிருக்கலாமே?" என்று. அவர் வண்டியைக் காட்டினார். கை நீட்டிக்கொண்டுதான் நின்றது, உள்ளே பல்பும் எரிந்துகொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்துவிட்டு, "இது என்ன சார்? ஏதோ மூடி கழன்று தொங்குதுன்னு நினைச்சேன்" என்றான்.

இதை என்னிடம் சொல்லும்போது தோழரின் குரல் கம்மிப் போயிற்று. பையன் மேல் கோபம் இல்லை. கைகாட்டி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள்தான் சாலையில் இல்லை. சிக்னல் என்பது ஒரு பாஷை. சொல்கிறவன் மட்டும் இருந்து கேட்கிறவன் இல்லாவிட்டால் அது பாஷையே இல்லை. இந்தப் பாஷை இன்றும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. நெடுஞ்சாலையில் லாரிக்காரர் வலது இண்டிகேட்டர் போட்டால் 'நான் வலது பக்கம் திரும்புகிறேன்' என்று ஓர் அர்த்தம், 'நீ முந்திப் போ' என்று இன்னோர் அர்த்தம். இரண்டும் நேர் எதிர். எத்தனை உயிர்கள் இந்தக் குழப்பத்தில் ஊசலாடுகின்றன! நாற்சந்தியில் நேராகப் போவதற்கு நான்கு விளக்கையும் மின்னவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது நின்றுபோன வண்டிக்கான எச்சரிக்கை என்று யார் சொல்வது?

"மின்னும் விளக்கு போட்டுவிடு" என்றேன். தோழர் சம்மதிக்கவில்லை. "அப்பா தொட்ட வண்டிடா. மட்கார்டில் ஓட்டை போட விடமாட்டேன்" என்றார். அவர் சொன்னதில் பாசம் மட்டுமல்ல, விஷயமும் இருந்தது. 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளை விண்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்யலாம். ஆனால் சேசிஸ், பாடி, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது.

கடைசியில் இரண்டையும் வைத்துக்கொள்வது என்று முடிவானது. கைகாட்டி அப்படியே இருக்கும். பம்பர் தாங்கிகளில் ஏற்கெனவே இருந்த போல்ட்டுகளிலேயே தகட்டுப் பட்டை மாட்டி, முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என மஞ்சள் விளக்குகள். ஓர் ஓட்டைகூடப் புதிதாகப் போடவில்லை. நாளைக்கே கழற்றினாலும் வண்டி பழைய வண்டிதான்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு உபயோகப்படலாம் என்பதால் வயரிங்கை விவரமாகச் சொல்கிறேன்.

முதல் சிக்கல் எர்த். அந்தக் கால இங்கிலாந்து வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் இணைந்திருக்கும். இன்றைய வண்டிகளில் நெகட்டிவ். சாதாரண பல்புக்கு எதுவானாலும் ஒன்றுதான். எல்.இ.டி.க்கு அப்படியல்ல, மாற்றிக் கொடுத்தால் எரியாது. எலெக்ட்ரானிக் ப்ளாஷரை மாற்றி இணைத்தால் அது கெட்டே போகலாம். வாங்கும்போதே பாசிட்டிவ் எர்த்துக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டாவது, மின்சாரத்தின் அளவு. 12 வோல்ட்டில் 21 வாட் பல்பு இரண்டு எரிந்தால் 3.5 ஆம்பியர். பழைய டைனமோ, நிற்கும் வண்டியில் அவ்வளவாகச் சார்ஜ் கொடுக்காது. சிக்னலில் நிற்கும்போது பேட்டரிதான் சுமக்க வேண்டும். எல்.இ.டி. இதைவிட மிகக் குறைவாகவே எடுக்கும். ஆனால் அதே காரணத்தால் பழைய கம்பி ப்ளாஷர் சூடேறாது, விளக்கு மின்னாது. எலெக்ட்ரானிக் ப்ளாஷர் கட்டாயம் வேண்டும். மஞ்சள் கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் எல்.இ.டி.யே போடுங்கள். வெள்ளை போட்டால் வெளிறித் தெரியும்.

மூன்றாவது, கையும் விளக்கும் ஒரே சுவிட்சில் வேலை செய்ய வேண்டும். இரண்டையும் ப்ளாஷர் வழியாகக் கொடுத்தால் கை கோழிச் சிறகு மாதிரி அடித்துக்கொள்ளும். ஆகவே சுவிட்சிலிருந்து கைக்குப் போகும் வயரை அப்படியே விட்டுவிட்டு, அதிலிருந்து ஒரு கிளை எடுத்துச் சின்ன ரிலேக்குக் கொடுத்தேன். பக்கத்துக்கு ஒரு ரிலே. விளக்குகளுக்கான மின்சாரம் தனி ஃபியூஸ், ப்ளாஷர், ரிலே என்ற வரிசையில் போகும். இப்போது சுவிட்சைத் திருப்பினால் கை எழுந்து அசையாமல் நிற்கும், விளக்குகள் மின்னும்.

பிரேக் லைட்டையே பின் இண்டிகேட்டராக மாற்றிக் கொடுக்கும் வழியும் உண்டு. செலவு குறைவு. நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சிவப்பில் ஒரு விளக்கு மின்னி ஒரு விளக்கு நின்று எரிந்தால், பின்னால் வருகிறவன் பிரேக்கா, திருப்பமா என்று யோசிக்க வேண்டியிருக்கும். அவன் யோசிக்கும் அந்த ஒரு நொடியில் வண்டி பல அடி தூரம் ஓடிவிடும்.

வேலை முடிந்த அன்று தோழர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "விளக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா அப்பா பார்த்தா என்ன சொல்லுவார்னு தெரியலை" என்றார். "உனக்கு ஒண்ணும் ஆகலைன்னு சந்தோஷப்படுவார்டா" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். இந்த வண்டியில் இனிப் பேரனை ஏற்றுவதில்லை என்று பைபாஸ் சம்பவத்துக்குப் பிறகு சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்.

கைகாட்டி வைத்த வண்டி உங்களிடம் இருந்தால், அதைத் தயவுசெய்து கழற்றி எறியாதீர்கள். தூசி தட்டி, மூட்டில் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு வையுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பிச் சாலையில் இறங்காதீர்கள். இன்னொன்று, கை சிக்னல் இன்றும் விதிகளில் இருக்கிறது. ஃபியூஸ் போன ராத்திரியில் அது உதவும். பேரப்பிள்ளைகள் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளும்போது அந்தச் சைகைகளையும் சொல்லிக்கொடுங்கள்.