தன்னெதிர்ப்பு நோய்களில் கண் வறட்சியும் இரத்த அழற்சிக் குறியீடுகளும்

தன்னெதிர்ப்பு நோயால் கண் வறண்டுபோவதற்கு முதன்மையான எடுத்துக்காட்டு ஷோக்ரன் நோய். ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரன், 1933-இல் வெளியான தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் 19 பெண்களின் கண் வறட்சியை விவரித்தார். அவர்களில் 13 பேருக்கு மூட்டுவாதமும் இருந்தது. இந்நோயில் லிம்போசைட்டுகள் கண்ணீர்ச் சுரப்பியிலும் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் புகுந்து திசுவைச் சிதைக்கின்றன. கண்ணில் மண் விழுந்தது போன்ற உறுத்தலும் நாவறட்சியும் முதல் அறிகுறிகள். பாதிக்கப்படுவோரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள்.

இரத்தப் பரிசோதனை முடிவைப் படிக்கும்போதுதான் குழப்பம் வருகிறது. ஈ.எஸ்.ஆர். (சிவப்பணுக்கள் படியும் வேகம்) பலருக்குக் கூடியிருக்கும், சி.ஆர்.பி.யோ (சி-ரியாக்டிவ் புரதம்) பெரும்பாலும் இயல்பு அளவிலேயே நிற்கும். இதற்குக் காரணம் உண்டு. இந்நோயாளிகளின் இரத்தத்தில் இம்யூனோகுளோபுலின் மிகுவதால் சிவப்பணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, குழாயில் விரைந்து படிகின்றன, ஈ.எஸ்.ஆர். ஏறுகிறது. சி.ஆர்.பி. கல்லீரலில் உருவாகும் புரதம். இந்நோயில் மேலோங்கும் இன்டர்ஃபெரான்-ஆல்ஃபா, கல்லீரல் செல்கள் அதை உண்டாக்குவதைக் குறைப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. லூபஸ் நோயிலும் இதே நிலைதான். எனவே 'சி.ஆர்.பி. நார்மல்' என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு, கண் எரிகிறது என்பவரை ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்புவது பெரும் பிழை. முடக்குவாதத்தில் சி.ஆர்.பி. மூட்டு அழற்சியை ஓரளவு நன்றாகவே காட்டும். ஆனால் மூட்டு அடங்கிய பின்னும் கண் வறட்சி தொடரலாம்.

கண்ணின் நிலையைக் கண்ணில்தான் அளக்க வேண்டும். ஷிர்மர் சோதனையில் 5 மி.மீ. அகலமுள்ள வடிதாள் பட்டையின் நுனியை மடித்து, கீழிமையின் உள்ளே, கண்ணின் வெளிமூலைப் பக்கமாகச் செருகி, கண்ணை மூடச் சொல்வர். 5 நிமிடத்தில் ஈரம் 5 மி.மீ.க்கு மேல் ஏறாவிட்டால் கண்ணீர்ச் சுரப்பு குறைவு. சாயமிட்டுப் பார்த்தால் கருவிழியில் சேதமுற்ற இடங்கள் புள்ளிபுள்ளியாகத் தெரியும். கண்ணீரில் எம்.எம்.பி.-9 என்ற நொதி கூடியிருந்தால் கண்ணின் மேற்பரப்பில் அழற்சி உள்ளது என்று பொருள்.

ஷோக்ரன் நோய்க்கான 2016-ஆம் ஆண்டு அமெரிக்க–ஐரோப்பிய வகைப்பாட்டு விதிகளில் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டுக்கும் புள்ளியே இல்லை. ரோ எதிர்ப்பொருளுக்கும் உதட்டுச் சுரப்பித் திசு ஆய்வுக்கும் மும்மூன்று. ஷிர்மர், கண் சாயமேற்றம், உமிழ்நீர் அளவு ஆகியவற்றுக்குத் தலா ஒரு புள்ளி. கூட்டுத்தொகை 4 தேவை. நோய் உறுதியானபின் இரத்தத்தில் தவறாமல் கவனிக்க வேண்டியது சி4 என்ற நிரப்புப் புரதம்: அது குறைந்திருப்பவர்களுக்கு லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுதல்.